கண்ணுக்கு நேராகத் தெரியும் வளைவு

நண்பர்களே, வணக்கம்.

கட்டடம் கட்டுவதில் உள்ள திறமையைப் பற்றிப் பேச, ஏதென்ஸ் நகரத்துக் குன்றின் மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலிலிருந்து தொடங்குகிறேன். கி.மு. 447-இல் வேலை ஆரம்பித்து கி.மு. 432-இல் முடித்தார்கள். இக்டினோஸ், கல்லிக்ரடீஸ் என்ற இருவர் அதன் கட்டடக் கலைஞர்கள். பார்க்கிறவருக்கு எல்லாம் கோடு போட்டது போல நேராகத் தெரியும். அளந்து பார்த்தால்தான் விஷயம் வேறு. நீளப் பக்கத்தில் அடித்தளம் நடுவில் சுமார் 11 சென்டிமீட்டர் மேலே எழும்பியிருக்கிறது. தூண்கள் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன்.

ஏன் இப்படி? மட்டம் பார்த்துப் போட்ட நீண்ட தளம் கண்ணுக்கு நடுவில் குழிந்தது போலத் தெரியும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பின்னாளில் எழுதினார். மழைநீர் வடிவதற்காக என்று சொல்பவர்களும் உண்டு. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அதற்காக அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். வளைந்த தளத்தில் சாய்ந்து நிற்கும் தூணின் அடிக்கல், எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க முடியாது. ஒரு கல்லுக்கு எடுத்த அளவை அப்படியே அடுத்த கல்லுக்கு வைத்துவிடவும் முடியாது. நேராகக் கட்டியிருந்தால் எவ்வளவோ சுலபம்! கல்லை ரசமட்டத்துக்குச் சரியாக வைப்பது ஒரு திறமை. எதிரே நின்று பார்க்கிற மனிதனுக்குச் சரியாக வைப்பது அதைவிடப் பெரிய வேலை. அந்தப் பெரிய வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம், தத்துவ அறிஞர் லுட்விக் விட்கன்ஸ்டைன். 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தன் அக்காவுக்காக ஒரு வீடு கட்டினார். பால் எங்கல்மான் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய வேலை அது. போகப் போக விட்கன்ஸ்டைன் கைக்கு வந்துவிட்டது. கதவுக் கைப்பிடியைக்கூடத் தானே வடிவமைத்தார். வீடு ஏறக்குறைய முடிந்த நிலையில், கூடத்தின் கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள். இதைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓர் அறைக்குள் நுழைந்ததும் ஏதோ அழுத்துகிறது அல்லது விடுபட்டது போல இருக்கிறது என்று உணர்கிறோமே, அந்த உணர்வு சிறிய அளவுகளில்தான் பிறக்கிறது. ஆனால் அந்த வீட்டில் நல்ல ரசனை இருக்கிறது, கட்டுக்கடங்காத உயிர் இல்லை என்று பின்னாளில் அவரே தன் குறிப்பில் எழுதினார். அளவுகள் அத்தனையும் சரியாக அமைந்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு.

உயிர் எங்கே தவறிப்போகிறது? ஜெர்மனியில் பிறந்த கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமெரிக்காவில் 1951-இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டைப் பாருங்கள். எஃகுச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி. 20-ஆம் நூற்றாண்டின் மிக அழகான வீடுகளில் ஒன்று என்று நானும் நம்புகிறேன். ஆனால் கோடையில் உள்ளே புழுங்கும், குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோக்கும். பக்கத்து ஆற்றில் வெள்ளம் வந்தபோது, உயர்த்திக் கட்டிய தளத்தையும் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்தது. கட்டச் சொன்ன மருத்துவருக்கும் மீஸுக்கும் இடையே வழக்கு நீதிமன்றம் வரை போனது. குடியிருப்பவர் தவிக்கும் வீட்டை முழுமையானது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் மனத்துக்கு நெருக்கமானது கட்டடக் கலைஞர் லூயி கான் கட்டிய சால்க் உயிரியல் ஆய்வுக்கூடம். கலிஃபோர்னியாவில், பசிஃபிக் கடலைப் பார்த்தபடி, 1965-இல் எழுந்தது. அங்கே கான்கிரீட் சுவர்களுக்குப் பூச்சு கிடையாது. சென்ட்ரிங் பலகைகள் சேரும் இடத்துக் கோடுகளை மறைக்காமல், அவை எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிட்டார்கள். பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகளின் துளைகளும் வரிசையாகத் தெரிகின்றன. பலகையைப் பிரித்த பிறகு ஒட்டுப்போடுவதோ தேய்ப்பதோ கூடாது. யோசித்துப் பாருங்கள், வேலை செய்பவருக்கு இது எத்தனை பெரிய பொறுப்பு! பூசி மறைக்கலாம் என்ற வசதி இல்லாதபோது, முதல் பலகையை நிறுத்தும்போதே கவனம் முழுதாக வேண்டும்.

இரண்டு கட்டட வரிசைகளுக்கு நடுவே இருந்த முற்றத்தில் மரங்கள் நடும் எண்ணம் கானுக்கு இருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்து பார்த்த கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான், செடி கொடி எதுவும் வேண்டாம், கல் பாவிய வெற்றுவெளியாக விடுங்கள், வானத்தைப் பார்க்கும் ஒரு முகப்பு கிடைத்துவிடும் என்றார். கான் ஏற்றுக்கொண்டார். நடுவில் ஒரு மெல்லிய நீரோடை கடலை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான். தன் கட்டடத்தில் இன்னொருவர் கண்டுபிடித்த அழகுக்கு இடம் கொடுப்பது எளிதல்ல. வாதாடி ஜெயிப்பதைவிட இதை உயர்ந்த திறமையாக மதிக்கிறேன்.

அந்தச் சுவர்களுக்கு நடுவே தேக்கு மர ஜன்னல்கள் உண்டு. கடற்காற்றில் அரை நூற்றாண்டு நின்றதில் மரம் கறுத்தது, சில இடங்களில் இற்றுப்போனது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவது சுலபம். அப்படிச் செய்யவில்லை. எது தாங்கும், எது தாங்காது என்று ஆராய்ந்து, முடிந்த அளவு பழைய மரத்தை வைத்துக்கொண்டே 2017-இல் சீரமைத்து முடித்தார்கள். ஒரு பலகையைக் கையில் எடுத்து, இதை மாற்றலாமா, இப்படியே விடலாமா என்று தயங்கி நின்ற அந்தத் தச்சர்களையும் நான் கானுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறேன்.