குடையை எடுத்துவிட்டுப் பார்த்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

படத்துக்குப் படம் ஒரு காதல் தோல்விப் பாட்டு வருகிறது. பெரும்பாலானவை படம் தியேட்டரை விட்டுப் போகும்போது கூடவே போய்விடுகின்றன. ஒன்றிரண்டு மட்டும் தங்கி, படத்தின் பெயரே மறந்துபோன பிறகும் யாரோ ஒருவர் வாயில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மெட்டுக்கு வார்த்தை எழுதிப் பிழைக்கிறவன் நான். இது எப்படி நடக்கிறது என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்த முதல் பிரிவுப் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். சிச்சுவேஷன் இதுதான்: மழை. அவன் கொடுத்த குடையை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போகிறாள். இயக்குநர் சொன்ன விதத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல்லவியிலேயே குடையை வைத்தேன். முதல் சரணத்தில் அவள் எழுதிய கடிதம், இரண்டாவதில் அவர்கள் சந்தித்த ரயில்நிலையம். கம்போசிங் அறையில் எல்லோரும் பாராட்டினார்கள். திரையிலும் காட்சிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. படத்தோடு பாட்டும் போனது. குடையைத் திருப்பி வாங்கிக்கொண்டவன் உலகத்தில் எத்தனை பேர் இருப்பான்? கேமரா காட்டிவிட்டதையே நானும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்கிறவர் தன் கதையோடு வந்து உட்கார அந்தப் பாட்டில் ஒரு இடம் கூட நான் விடவில்லை.

ராக்செட் என்ற ஸ்வீடன் நாட்டு இசைக்குழுவின் கதை எனக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. ஜெர்மனியிலிருந்த அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டு கேட்டது. பெர் கெஸ்லே எழுதினார், மரீ ஃப்ரெட்ரிக்ஸன் பாடினார். 'இட் மஸ்ட் ஹேவ் பீன் லவ்'. அது 1987. தலைப்போடு மனமுடைந்தவர்களின் கிறிஸ்துமஸ் என்று ஒரு ஒட்டும் இருந்தது. ஸ்வீடனில் நன்றாகப் போனது. கேட்ட ஜெர்மனியிலோ வெளியிடவே இல்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து 'ப்ரெட்டி வுமன்' என்ற ஹாலிவுட் படத்துக்குப் பாட்டு வேண்டுமென்று ஆள் வந்தபோது, புதிதாக எழுத அவர்களுக்கு நேரமில்லை. பழைய பதிவையே எடுத்துக் கொஞ்சம் மெருகேற்றினார்கள். ஒரு வரியில் கிறிஸ்துமஸ் நாள் என்று இருந்ததைக் குளிர்கால நாள் என்று மாற்றி மரீ பாடினார். 1990 ஜூனில் அமெரிக்காவில் 2 வாரம் முதலிடம்.

அந்த ஒரு சொல்லை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 25. குளிர்காலம் என்றால் அவரவர் மனதில் எந்த நாளோ அந்த நாள். தேதியை எடுத்ததும் பாட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டது. படமும் தன் பங்குக்கு உதவியது. நாயகி காரில் ஏறிப் போகிறாள், பேச்சு அதிகம் இல்லை, ஜன்னல் பக்கம் ஒரு முகம். வசனம் விலகி நின்றதால் பாட்டு உள்ளே வர முடிந்தது.

நம் பக்கம் வருகிறேன். 'அபூர்வ சகோதரர்கள்', 1989. இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல். அப்பு உயரம் குறைந்த சர்க்கஸ் கலைஞன். தன்னை விரும்புகிறாள் என்று அவன் நம்பிய பெண் வேறு ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். இந்த இடத்தில் என்னிடம் பேனாவைக் கொடுத்திருந்தால் உயரத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். சர்க்கஸ் கூடாரத்தையும் விட்டிருக்க மாட்டேன். 'உன்ன நெனச்சேன்' பாட்டில் வாலி இரண்டையும் தொடவில்லை. மழை கொட்டும்போது உப்பு விற்கப் போனேன், காற்றடிக்கும்போது மாவு விற்கப் போனேன் என்கிறான் அப்பு. ஊர் ஜனம் காலம் காலமாகச் சொல்லிவந்த பேச்சு. உப்பு கரைந்துவிடும், மாவு பறந்துவிடும். யார் மீதும் அவனுக்குப் புகார் இல்லை, கணக்குப் போட்டதுதான் தப்பு. அந்த வரியை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

குரலுக்கும் இப்படி இடம் விட வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1973-ல் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்று ஒரு பாட்டு எழுதினார். தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியை விட்டு விலகும் நேரம் அது. தொழிலில் நடந்த பிரிவு. ஆனால் தொழில் என்ற சாயல்கூட வரிகளில் கிடையாது. அதனால்தான் 1992-ல் 'பாடிகார்ட்' படத்தில் விட்னி ஹூஸ்டன் பாடியபோது அது காதலர் பிரியும் பாட்டாக அப்படியே உட்கார்ந்தது. ஆரம்பத்தில் வாத்தியமே வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று சொன்னவர் படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர். அப்புறம் வாத்தியங்கள் மெல்லச் சேர்கின்றன. கடைசிப் பகுதிக்கு முன்னால் எல்லாம் ஒரு கணம் நின்றுவிடும். ஒரே ஒரு டிரம் அடி. சுருதி மேலே ஏறிவிடும். அந்த ஒரு கணத்தில்தான் கேட்கிறவருக்குத் தொண்டை அடைக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு.

விளம்பரம், லிரிக் வீடியோ, ரீல்ஸ் எல்லாம் உண்டுதான். முதல் வாரம் பாட்டைக் காதில் கொண்டுபோய்ப் போட அவை உதவும். அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சந்தம் கையில் வந்ததும் நான் இப்போது முதலில் செய்வது ஒன்றுதான். இயக்குநர் சொன்ன காட்சியில் உள்ள பொருள்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். அடித்த பிறகும் எது வலிக்கிறதோ அங்கிருந்துதான் பல்லவி.

ஒருமுறை இப்படி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கினேன். பெரியவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டு வியாபாரத்தில் எல்லாவற்றையும் இழந்தவர். "ஐயா, அந்த உப்பு, மாவு பாட்டு சொன்னீங்களே, அது என் பாட்டுங்க" என்றார். அங்கேயே நின்று அந்த இரண்டு வரியையும் மெதுவாகப் பாடினார். சுருதி கொஞ்சம் விலகியது. "தப்புக் கணக்கு" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.