பரங்கிமலையில் வெட்டிய பேரும் வேடியப்பன் கோயில் கல்லும்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நான்கு நாளாக என்னை விடவே இல்லை. பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி, கல்லூரியில் இரண்டாம் வருடம், என்.சி.சி.யில் இருக்கிறார். "ஐயா, ராணுவ அகாடமிகளில் அங்கே பயிற்சி எடுத்துப் போரில் இறந்தவர்களுக்கு மட்டும் தனியாக நினைவிடம் வைத்திருக்கிறார்களே, சிப்பாயாகச் சேர்ந்து செத்தவர் பேர் அதில் இருக்காதாமே, அதிகாரி உயிர் வேறு, சிப்பாய் உயிர் வேறா?" என்று கேட்கிறார். நியாயமான கோபம். நானும் அதே கோபத்தோடுதான் படித்தேன், அப்புறம் யோசிக்க யோசிக்க வேறு எங்கோ போய்விட்டேன்.

சரி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அகாடமி என்பது ராணுவ அதிகாரிகளை உருவாக்குகிற ஒரு பள்ளிக்கூடம் தம்பி. தன்னிடம் படித்த பிள்ளையை அது நினைத்துக்கொள்கிறது. டேராடூனில் 1932-இல் தொடங்கிய இந்திய ராணுவ அகாடமியில் இருக்கும் போர் நினைவிடத்தை 1999 நவம்பர் 17 அன்று திறந்து வைத்தவர் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா. அந்த அகாடமியின் முதல் பேட்ச் மாணவரே அவர்தான். புனே பக்கம் கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் அங்கே படித்துப் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக் குடில் இருக்கிறது. சிப்பாய்க்கு அவரவர் ரெஜிமெண்ட் சென்டர், அதாவது படைப்பிரிவின் பயிற்சி மையம்தான் தாய்வீடு. நம் ஆட்கள் நிறையப் பேர் போய்ச் சேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது, அங்கே அதிகாரியும் சிப்பாயும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25,942 பேர் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வைத்தார்கள், எல்லாப் பதவிக்காரர்களும் கலந்துதான். ஆகவே சிப்பாயை யாரும் விட்டுவிடவில்லை, ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையைத் தன் சுவரில் எழுதுகிறது.

ஆனால் அகாடமிச் சுவரில் பேர் எழுதுவதில் ஒரு தனி விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். அந்தச் சுவரைத் தினமும் தாண்டிப் போகிறவன் இருபது வயதுப் பையன். அவன் படிக்கிற பேருக்கும் அவனுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருக்காது. அருண் கேத்ரபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 ஜூன் மாதம் அதிகாரி ஆனார், 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவு. அதே வருடம் டிசம்பர் 16, பசந்தர் சண்டையில் இறந்தார். கணக்குப் போடுங்கள், ஆறே மாதம். வயது 21. டாங்கி தீப்பிடித்துவிட்டது, இறங்கி வா என்று உத்தரவு வருகிறது, பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, நான் இறங்க மாட்டேன் என்று நின்றார். நம் பிள்ளைக்கு 21 வயதில் பைக் சாவி கொடுக்க யோசிக்கிறோம் நாம்.

பரங்கிமலைக்கு வருகிறேன். சென்னை ஏர்போர்ட் போகிற வழியில் எத்தனையோ முறை அந்த மதில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அதிகாரிகள் பயிற்சி அகாடமி, 1963-இல் தொடங்கிய இடம். அங்கே பரேடு நடக்கும் மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பேர். பம்பாயில் பிறந்த தமிழர், 1972-இல் இந்த அகாடமியிலிருந்து மஹார் ரெஜிமெண்டுக்குப் போனவர், இந்திய அமைதிப்படையோடு போய் 1987 நவம்பர் 25 இலங்கையில் இறந்து பரம் வீர் சக்ரா பெற்றவர். அந்தப் போரைப் பற்றி நம் ஜனங்களுக்கு உள்ளே ஒரு வலி இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் போருக்கு அனுப்பியவர்கள் கணக்கு வேறு, போன இடத்தில் நெஞ்சில் குண்டு வாங்கிய பிறகும் தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே விழுந்தவர் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

மேஜர் சரவணன். ராமேஸ்வரத்தில் பிறந்தவர், திருச்சி வீடு, இவரும் பரங்கிமலைதான். கார்கில் போரில் படாலிக் பகுதி, 1999 மே 29. இறந்தது மே மாதம், உடல் கைக்குக் கிடைத்தது ஜூலையில். ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தப் பனி மலையிலேயே கிடந்தார், எடுக்கப் போனால் மேலே இருந்து சுடுகிறார்கள். திருச்சியில் ஒரு தாய் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும். இன்று திருச்சியில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருவேன் என்று தெரியும். ஆமாம், நடுகல்தான், சண்டையில் இறந்தவனுக்கு நட்டு வைக்கிற கல். தருமபுரி, கிருஷ்ணகிரி அளவுக்கு நடுகல் கிடைத்த மண் தமிழ்நாட்டில் குறைவு. வேடியப்பன் கோயில் என்று நாம் பொங்கல் வைக்கிற இடத்தில் பாதி இடங்களில் உள்ளே நிற்பது போரில் இறந்த ஒரு ஆள். கையில் வில், இடுப்பில் குறுவாள், சில கற்களில் உடம்பில் தைத்த அம்பு கூடத் தெரியும். எழுத்து இருந்தால் என்ன இருக்கும்? எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், அவன் பேர் என்ன, என்ன செய்து இறந்தான். "தொறு மீட்டுப் பட்டான்." தொறு என்றால் மாட்டு மந்தை. கொள்ளை போன மாட்டை மீட்டுக் கொடுத்துவிட்டுச் செத்தான். இறந்தான் என்று எழுதவில்லை, பட்டான் என்று எழுதுகிறார்கள். இதை நூறு முறை சொல்லியிருப்பேன், இன்னும் நூறு முறை சொல்வேன்: பேர் இருக்க வேண்டும், எதில் பட்டான் என்று இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் கல்.

வெறும் கல்லுக்கு ஒரு உதாரணம். முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்கார சர்க்கார் தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு பலகைக் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள், அவ்வளவுதான் எழுத்து, அதுவும் இங்கிலீஷில். எண்ணிக்கை மட்டும், ஒரு பேர் கிடையாது. கடல் தாண்டிப் போய்ச் செத்தவனுக்குச் சொந்த ஊரில் ஒரு பேர் இல்லை. பல்லவர் காலத்தில் மாடு மீட்கப் போன சேவகன் பேர் எனக்குத் தெரிகிறது, நூறு வருடத்துக்கு முன்னால் போனவன் பேர் தெரியவில்லை. தம்பி, உங்கள் கோபத்தை இங்கே கொண்டுவந்து வையுங்கள்.

ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன், பேர் வேண்டாம். ஊத்தங்கரைப் பக்கம், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், கார்கில் சமயத்தில் காஷ்மீரில் இருந்தவர். நடுகல் தேடிப் போன இடத்தில் பழக்கம். சாயங்காலம் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம், திடீரென எழுந்து உள்ளே போய் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார், அட்டை பிய்ந்து ரப்பர் பேண்ட் போட்டது. கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்கள். இரண்டு பேர் கூட இருந்த ஜவான்கள். மூன்றாவது அவர்களுடைய அதிகாரி, வடக்கத்திப் பையன், அகாடமியிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. காதில் கேட்டபடி அந்த இந்திப் பேரைத் தமிழில் எழுதியிருந்தார், பக்கத்தில் தேதி, இடம், யூனிட். "என்னை விடப் பத்து வயசு சின்னவர் சார், சாப் சாப் என்றுதான் கூப்பிடுவேன், எங்களுக்கு முன்னால் போனார், அதனால் நான் உட்கார்ந்து உங்களோடு பேசுகிறேன்" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், அந்த மூன்று தேதியிலும் கேன்டீன் ரம் ஒரு மூடி எடுத்துக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றுவாராம். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லையாம்.

எனக்கு உடனே ஔவையார் ஞாபகம் வந்தார். புறநானூற்றில் நம் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அரசன் அதியமான் இறந்த பிறகு பாடுகிறார்: அவன் நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் வடித்த கள்ளை ஊற்றுகிறார்களே, மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று. இந்த மண்ணில் இருந்த ராஜாவுக்கு, இதே மண்ணில். ஹவில்தாருக்கு அந்தப் பாட்டு தெரியாது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, நோட்டுக்கு ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டார். தம்பி கேட்டாரே, அதிகாரி உயிர் வேறு சிப்பாய் உயிர் வேறா என்று, அந்த ஒரே பக்கத்தில் மூன்று பேரும் ஒன்றாகத்தானே இருந்தார்கள்.

என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: நம் தாலுகாவில் போரில் பட்டவர்கள் யார், அவர்கள் பேர் எந்தச் சுவரில் இருக்கிறது? 1962, 1965, 1971, 1999, எந்த வருடமானாலும் சரி. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் வீட்டாரைக் கேட்டு பேர், யூனிட், தேதி, இடம் நான்கையும் எழுதி வாங்குங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எனக்கு அனுப்புங்கள். அரூர், பென்னாகரம், பர்கூர், தேன்கனிக்கோட்டை, யார் வேண்டுமானாலும்.

பழைய கல் இருந்தாலும் அனுப்புங்கள். மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் தேய்க்க வேண்டாம், எழுத்து கெட்டுப்போகும். லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, காலை ஏழு ஏழரைக்குச் சாய்வான வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள், அப்போதுதான் எழுத்தின் பள்ளம் தெரியும்.