கொமேனியஸ் ஆசானா, துரோகியா? செக் வரலாற்றாசிரியர்கள் பார்த்த போலந்து

வணக்கம் மக்களே. செக் நாட்டு 200 கொருனா நோட்டில் இருக்கும் தாடிக்காரரிடமிருந்தே தொடங்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் கல்வியாளர் கொமேனியஸ். நோட்டின் பின்பக்கம் ஒரு பெரியவர் கையும் குழந்தை கையும் இருக்கும். செக் மக்களுக்கு இவர் உலகத்துக்கே ஆசான். போலந்தில் இதே மனிதர் மேல் ஒரு பழைய கோபம் உண்டு.

1620 நவம்பர் 8, பிராக் அருகே வெள்ளைமலைப் போர். செக் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள், ஆஸ்திரியாவின் கத்தோலிக்க அரச குடும்பமான ஹாப்ஸ்பர்க்கின் படையிடம் தோற்றார்கள். அப்புறம் என்ன, கத்தோலிக்கராக மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ. 1628இல் கொமேனியஸ் தன் சபையாருடன் போலந்தின் லெஷ்னோ நகரில் தஞ்சம் புகுந்தார். 1655இல் ஸ்வீடன் போலந்துக்குள் படையெடுத்து வந்தது. அந்த மன்னர் பத்தாம் கார்ல் குஸ்தாவைப் புகழ்ந்து லத்தீனில் ஒரு புகழுரை எழுதினார் இவர்! மறு வருடம் ஏப்ரலில் போலந்துப் படை லெஷ்னோவை எரித்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாக இவர் சேர்த்த செக் அகராதியின் கையெழுத்துப் பிரதி அந்தத் தீயில் போனது.

செக் பக்கம் கேட்டால் அகராதி எரிந்த சோகம் முன்னால் வரும். போலந்துப் பக்கம் கேட்டால், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்பார்கள். என்னைக் கேட்டால், புகழுரையை ஓரம் தள்ளிவிட்டு அகராதிக்கு மட்டும் அழுவது பாதிக் கதைதான்.

செக் வரலாற்றாசிரியர்கள் போலந்தைப் பார்க்கும்போது 1620 கூடவே வருகிறது. செக் நாட்டில் பிரபுக்களின் அதிகாரம் ஒடுங்கியது. போலந்தில் அதே வர்க்கம் மன்னரையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. 1573இல் வார்சாவில் கூடி மதச் சமாதானத்துக்கும் உறுதி கொடுத்தார்கள். நமக்கு ஏன் இது வாய்க்கவில்லை என்ற ஏக்கம் இருக்கத்தானே செய்யும்? வெள்ளைமலைப் போர் நடந்த காலத்தில் போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் ஹாப்ஸ்பர்க் வீட்டு மாப்பிள்ளை. போலந்திலிருந்து லிசோவ்சிக்கள் என்ற கூலிக் குதிரைப்படையும் ஹாப்ஸ்பர்க் பக்கம்தான் நின்றது. ஏக்கத்தோடு கசப்பும் சேர்ந்துகொண்டது.

சரி, இதையெல்லாம் தாண்டி ஆவணத்தை வைத்துப் பேசியவர்களில் எனக்குப் பிடித்தவர் செக் நாட்டு பிர்னோ நகரின் வரலாற்றாசிரியர் யோசெப் மட்சூரெக். 1573 முதல் 1589 வரையிலான செக்–போலந்து உறவைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அது வெளிவந்தது 1948இல், செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த அதே வருடம்.

அந்தப் புத்தகம் பேசும் காலத்தில் சினிமாவுக்கே உரிய ஒரு கட்டம் இருக்கிறது. போலந்து சிம்மாசனம் காலி. தன் மகன் எர்ன்ஸ்டுக்கு ஆதரவு திரட்ட, ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் மாக்ஸிமிலியன் செக் பெரும்பிரபு விலேம் ரோஜம்பெர்க்கைத் தூது அனுப்புகிறார். மாப்பிள்ளைத் தோழனாகப் போனவரையே மாப்பிள்ளையாகக் கேட்டது போல, போலந்துப் பிரபுக்களில் சிலர் இவரையே மன்னராக்கினால் என்ன என்று யோசித்தார்கள். ஸ்லாவ் மொழி பேசுபவர், பணக்காரர், வேறென்ன வேண்டும்? கடைசியில் பிரான்ஸ் இளவரசர் ஹென்றி ஜெயித்தார். அவரும் மறு வருடமே, பிரான்சின் சிம்மாசனம் காலியானதும், இரவோடு இரவாக ஓடிவிட்டார்.

பிற்காலத்தில் இன்னொரு செக் வரலாற்றாசிரியர் யாரோஸ்லாவ் பானெக் இந்த ரோஜம்பெர்க் குடும்பத்தை விரிவாக ஆராய்ந்தார்.

மட்சூரெக்கின் புத்தகம் 1589இல் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. 1587 தேர்தலில் மறுபடி ஒரு ஹாப்ஸ்பர்க் போட்டியிட்டார். இந்த முறை மாக்ஸிமிலியன் என்ற இளவரசர். படையோடு போன அவரை 1588 ஜனவரியில் பிச்சினா என்ற ஊரில் போலந்துத் தளபதி யான் சமோய்ஸ்கி சிறைப்பிடித்தார். மறு வருடம் ஒப்பந்தம் போட்டுத்தான் விடுவிக்க முடிந்தது.