பெட்டியை விடுங்கள், செயினைப் பாருங்கள்: எஸ்டேட் ஊரில் ஒரு டூரிங் மோட்டார்

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் செம்பனை லோரி. இன்னும் ரெண்டு மூன்று தடவை கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டின பழக்குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால் சீக்கிரம் மில்லுக்குப் போயாக வேண்டும். அதனால் இந்த லோரிகளுக்கு நேரம் காலம் கிடையாது. இன்றைய பேச்சுக்கும் அந்த லோரிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் வண்டியில் மாட்டியிருக்கிறது என்ன பெட்டி, எத்தனை லிட்டர், ஸ்பாட் லைட் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒருத்தர்கூட செயின் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அதனால் இன்றைக்குப் பெட்டி கிடையாது. கேமராவை இப்படிக் கீழே இறக்கி வைக்கிறேன். சரி, தெரிகிறதா?

புதிதாக வந்தவர்களுக்கு வண்டியை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா சிபி500எக்ஸ், 471 சிசி, ரெண்டு சிலிண்டர். 2019 மாடலிலிருந்து முன் சக்கரம் 19 அங்குலம், அதற்கு முன்னால் 17. நம் மண் ரோட்டுக்கு அந்த ரெண்டு அங்குலம் பெரிய விஷயம், குழியில் முன் சக்கரம் விழாமல் ஏறிப் போகும். லைசென்ஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: இந்த வண்டிக்குப் பி2 போதாது, அது 250 சிசி வரைக்கும்தான். சாலை வரி வருஷத்துக்கு 100 வெள்ளி. கப்சாய், அதாவது சின்ன மோட்டார், ஓட்டுகிறவர்கள் சிரிப்பீர்கள், தெரியும். 150 சிசி வரைக்கும் முன்பு 2 வெள்ளிதான், 2022இலிருந்து அதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் 800 சிசியைத் தாண்டினால் 350 வெள்ளி. என்னைக் கேட்டால் எஸ்டேட் ஊரில் இருக்கிறவர்கள் 500க்குள் நின்றுகொள்வதுதான் நல்லது. டயர், செயின், பிரேக் பேட் எல்லாமே அதற்கு மேலே போனால் விலை எகிறும், தேய்வதும் சீக்கிரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டூரிங் வண்டியை நெடுந்தூரம்தான் தேய்க்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஈப்போவிலிருந்து ஜொகூர் வரைக்கும் பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் வண்டிக்கு அது ஓய்வு மாதிரிதான். மோட்டாருக்கு டோலும் இல்லை. நம் வண்டியைத் தின்பது வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் இருக்கிற செம்மண் பாதை. ஒவ்வொரு நாளும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெரிய அட்டவணை இருக்கும். எல்லாரும் அதைப் படிப்பார்கள். அதற்கு அடியில் சின்ன எழுத்தில், ஈரமும் தூசியும் அதிகமான இடத்தில் ஓட்டினால் இன்னும் அடிக்கடி பார்க்கவும் என்று போட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்து நம்மைப் பற்றித்தான். மழை இல்லாத மாதத்தில் தூசி, மழை வந்தால் சேறு, ரெண்டும் ஒரே பாதையில்.

இதோ பாருங்கள், இதுதான் செயின். உள்ளே ஒவ்வொரு கண்ணியிலும் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, அதற்குப் பெயர் ஓ ரிங். கண்ணிகளைச் சேர்க்கிற இரும்புப் பின்னுக்குத் தேவையான கிரீஸை ஆலையிலேயே உள்ளே போட்டு இந்த வளையத்தால் மூடிவிடுகிறார்கள். வளையம் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே, செயின் கதை முடிந்தது. அதனால் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பெட்ரோல் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய், மெல்லிய பிரஷ், அப்புறம் துணி. அவ்வளவுதான். கார் கழுவும் கடையில் அழுத்தத் தண்ணீரை நேராகச் செயின் மேலும் சக்கரத்தின் நடுவிலும் பீய்ச்சுவார்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். வண்டி பளபளப்பாகத்தான் இருக்கும், உள்ளே தண்ணீர் போயிருக்கும்.

எண்ணெய் எப்போது போடுவது? கிளம்பும் முன்னால் போடுகிறவர்கள்தான் அதிகம். ஓட்டி முடித்து வந்தவுடன், செயின் இன்னும் சூடாக இருக்கும்போது போடுங்கள். சூட்டில் எண்ணெய் இளகி இடுக்கில் இறங்கும், ராத்திரி முழுக்க ஊறும். காலையில் கிளம்பினால் சக்கரத்தில் தெறிக்காது. செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாகப் போடுங்கள், சுற்றும்போது அதுவே வெளியே பரவிக்கொள்ளும். விலை உயர்ந்த ஸ்பிரேதான் வேண்டும் என்று இல்லை, கியர் எண்ணெயே போதும். கொஞ்சம் தெறிக்கும், துடைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பல் சக்கரத்தில், மாட்டினால் விரல் பின்னாலேயே போகும். எஞ்சினை அணைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

உரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. செம்பனைக்குப் போடுகிற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். உரம் போடுகிற வாரத்தில் லோரியிலிருந்து சிந்தினது பாதையில் கிடக்கும். மழை பெய்து கரைந்தால் அந்தத் தண்ணீர்தான் செயினில், போல்ட்டில், பிரேக் பக்கத்தில் எல்லாம் தெறிக்கும். கடற்கரையில் இருக்கிற வண்டி எப்படித் துரு பிடிக்குமோ அதேதான். உரம் போடுகிற நாளில் எங்கள் ஜாகா மாமா, காவல்காரர், கேட்டிலேயே சொல்லிவிடுவார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அடிப்பக்கம் முழுக்க அலசிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

செயினில் தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் ஸ்விங் ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையில், ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் அதிகமாக இறுகுகிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். தொய்வைவிட அதிக இறுக்கம்தான் ஆபத்து. தொளதொள என்றிருந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுகினால் சத்தமே இல்லாமல் கியர் பெட்டியின் பேரிங்கைத் தின்னும். மாற்ற வேண்டுமா என்று தெரிய, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில், இந்த இடத்தில், செயினைப் பிடித்துப் பின்பக்கம் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பல்லையே வைத்து ஓட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ம்ம், லோரி போகட்டும்.

சரி, டயர். எஸ்டேட் முச்சந்தியில் லோரி டயரோடு வந்த சேறு தாரில் ஒட்டிக் காய்ந்திருக்கும். தூறல் விழுந்த முதல் சில நிமிடம்தான் மோசம், பலத்த மழை பெய்துவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். வளைவில் உதிரிப் பழம் விழுந்து நசுங்கியிருந்தால் அது எண்ணெய்தான், வேறென்ன. அந்த இடத்தில் வண்டியைச் சாய்க்காமல் நேராகவே கடந்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

செம்பனை மட்டையின் முள்ளும் டயரில் ஏறும். இந்த வண்டிக்கு டியூப் இல்லாத டயர், அதனால் ரப்பர் திரியும் சின்னக் காற்றுப் பம்பும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கும். நம் பெட்ரோல் நிலையத்தில் காற்று அளவு கேபிஏவில்தான் காட்டும். 36 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 250. அங்கே நின்றுகொண்டு கணக்குப் போடாமல் உங்கள் வண்டியின் அளவை இப்போதே போனில் எழுதி வையுங்கள். டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. நம் ஊர்க் கடையில் பெரிய வண்டி டயர் அவ்வளவு வேகமாக விற்காது, ரேக்கிலேயே வயசாகிப் போயிருக்கும். கடை தவ்கே, அதாவது முதலாளி, முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

மினியாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய். இதில் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். கார் எண்ணெயை ஊற்றாதீர்கள். நம் மோட்டாரில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க கார் எண்ணெயில் கலக்கிற வழுக்கும் மருந்தால் கிளட்ச் நழுவும். போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் எந்தப் பிராண்ட் என்று சண்டை போட வேண்டாம்.

ஏர் ஃபில்டரை பெங்கெலில், அதாவது பட்டறையில், காற்றடித்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். எண்ணெய் ஊறிய காகித வகை என்றால் அது தப்பு, காற்றடித்தால் எண்ணெயும் போய்விடும், மண்ணைப் பிடிக்க எதுவும் இருக்காது. புதிதாக மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் நாட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்கிறீர்களா? கிரிக் ரோட்டுக்காகத்தான். நம் ஊரிலிருந்து வடக்கே கோலகங்சார், அங்கிருந்து லெங்கோங். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு. ஆற்று மீன் சாப்பிடாமல் தாண்டாதீர்கள். அப்புறம் கிரிக். அங்கே தொடங்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, 1982இல் திறந்தது, தெமெங்கோர் ஏரியைத் தாண்டி மலை ஏறி ஜெலியில் இறங்கும். 120 கிலோமீட்டருக்கு மேல் காடு. கிரிக்கிலேயே டாங்க்கை நிரப்பிவிடுங்கள், நடுவில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போன் சிக்னலும் பல இடத்தில் இருக்காது. அந்த நடுக்காட்டில் செயின் அறுந்தால் உங்கள் அலுமினியப் பெட்டி என்ன செய்யும், சொல்லுங்கள். உள்ளே இருக்கிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்காரலாம்.

அந்தப் பாதையில் யானை எச்சரிக்கைப் பலகையை அழகுக்காக வைக்கவில்லை. யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், பெரிய லைட் வேண்டாம், போன் எடுத்துக்கொண்டு கிட்டே போகவே வேண்டாம். எஞ்சினை அணைக்காமல் வண்டியை மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் நடுவில் இடம் இருக்கிறதே என்று புகுந்துவிடாதீர்கள். காலையில் சீக்கிரம் போனால் லோரி குறைவு, ஆனால் மலையில் பனிமூட்டம். இருட்டின பிறகு அந்தப் பாதையில் நான் ஓட்டுவதில்லை. பயந்தாங்கொள்ளி என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கிரிக்கிலிருந்து பெங்காலான் ஹூலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங்கும் போகலாம். பாஸ்போர்ட், வண்டிப் பதிவுப் பத்திரம், தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி மூன்றும் வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து அவர்களுடைய வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். வண்டி இன்னும் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

கடைசியாக, தங்கச்சிமார் நிறையப் பேர் கேட்ட கேள்வி. அக்கா, சீட் 830 மில்லிமீட்டர் உயரம், வண்டி 200 கிலோ கிட்ட, சாய்ந்துவிட்டால் தனியாகத் தூக்க முடியுமா? முடியும், கையால் தூக்கினால்தான் முடியாது. முதலில் எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் பக்க ஸ்டாண்டை இப்போதே இறக்கிவிடுங்கள், நிமிர்த்தின பிறகு அந்தப் பக்கம் போய்விடாமல் அது தாங்கும். முடிந்தால் கியரில் போடுங்கள், உருளாது. ஹேண்டிலைத் தரையைத் தொடும் பக்கம் முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்காருங்கள். ஒரு கை ஹேண்டிலின் நுனியில், ஒரு கை பின்னால் உறுதியான கம்பியில். முதுகை வளைக்காமல் கால் பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னாலேயே நடங்கள். எஸ்டேட்டில் பாட்டி காலத்திலிருந்து ரப்பர் பால் வாளி சுமந்த குடும்பம் நாம், இதெல்லாம் நமக்குப் புதுசா? வெயில் காலத்தில் மண் தரையில், யாராவது ஒருத்தர் பக்கத்தில் நிற்க, பழகிப் பாருங்கள். சேற்றில் பழகாதீர்கள், கால் வழுக்கும்.

உயரம் பயமாக இருந்தால் உங்கள் உயரத்தையும் வண்டிப் பெயரையும் கீழே எழுதுங்கள். சீட்டைச் செதுக்குவதா, சஸ்பென்ஷனைத் தொடுவதா என்று ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்கிறேன். பெட்டி எங்கே வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.