செராமிக் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்க

(காட்சி: கருப்புக் கண்ணாடி அடுப்பு. டயலைத் திருப்பியதும் ஒரு வட்டம் மெல்லச் சிவக்கிறது.)

மேல பாத்திரமே இல்லை, ஆனாலும் வட்டம் சிவந்துடுச்சு. அப்படின்னா இது செராமிக் அடுப்பு. பார்வைக்கு இண்டக்‌ஷன் மாதிரியே இருக்கும், வேலை செய்யற விதம் வேற. இண்டக்‌ஷன்ல காந்தம் ஒட்டுற பாத்திரம் வச்சாதான் சூடு வரும். இங்க கண்ணாடிக்குக் கீழ கம்பிச்சுருள் பழுக்குது, அந்தச் சூடு மேல வருது. அதனால கடைக்குக் காந்தம் எடுத்துட்டுப் போக வேண்டாம். ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க.

லண்டன், ஆஸ்லோ, டொரன்டோன்னு வாடகை வீட்டுக்குக் குடிபோறவங்க பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போற பாத்திரம் பெரும்பாலும் காஸ் அடுப்புல புழங்கினதுதான். தீ, வளைஞ்ச அடியையும் சுத்திப் பிடிச்சுக்கும். கண்ணாடி அப்படிப் பிடிக்காது. தொடுற இடத்துலதான் சூடு நல்லா ஏறும்.

(காட்சி: கவிழ்த்த சட்டி, அடியின் மேல் செங்குத்தாக ஸ்கேல், பின்னால் டார்ச்.)

பாத்திரம் ஆறியிருக்கும்போது கவிழ்த்து, ஸ்கேலோட விளிம்பை அடியில குறுக்கே வைங்க. நடுவுல மயிரிழை மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா நல்ல பாத்திரம்தான். சூடு ஏறினா அடி விரிஞ்சு தட்டையாயிடும். ஸ்கேல் நடுவுல முட்டி ரெண்டு பக்கமும் ஆடினா அடி வெளிய புடைச்சிருக்கு. அதை அடுப்புல வச்சுச் சுண்டினா பம்பரம் மாதிரி சுத்தும். எண்ணெய் ஊத்தினா ஓரத்துக்கு ஓடும், நடுவுல மட்டும் கருகும். அது வேண்டாம்.

எவர்சில்வர்னா அடியில அலுமினியம் வச்சு அடைச்ச, 4 முதல் 6 மில்லிமீட்டர் கனமான அடி. எனாமல்னா 2, 3 மில்லிமீட்டர் போதும். அளவு, அடுப்பு வட்டத்தோட அளவுதான். 18 சென்டிமீட்டர் வட்டத்துக்கு அடி 18 சென்டிமீட்டர். கடையில ஒட்டியிருக்கிற அளவு பெரும்பாலும் மேல்வாய் அளவு, அடியைத் தனியா அளந்துக்கோங்க.

(காட்சி: சிவந்த வட்டம், மிக அருகில். குறுக்கே நேராக ஒரு கருப்புக் கோடு.)

இந்தக் கோட்டைப் பாருங்க. இதுதான் காவல்காரன். கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடானா கரண்டை வெட்டிவிடற கம்பி. குறைஞ்ச எண்ல வச்சா அடுப்பு எரிஞ்சு அணைஞ்சு எரியறது சாதாரணம். ஆனா உச்ச எண்ல வச்சும் அடிக்கடி அணைஞ்சா, அடுப்பு ரிப்பேர்னு ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க. அடி சரியா படியலை, சூட்டை வாங்கிக்கலை, அது கண்ணாடியிலேயே தேங்குது. காவல்காரன் வெட்டிவிடறான். 1800 வாட் வட்டத்துல சோறு வேக முக்கால் மணி நேரம் ஆகிறதெல்லாம் இப்படித்தான்.

உருண்டை அடி வாணலி இதே காரணத்தால ஆகாது. அதுக்கு இரும்பு வளையம் விற்பாங்க, அதை வாங்கவே வாங்காதீங்க. வளையத்துக்குள்ள சூடு அடைபட்டு, கண்ணாடியைத்தான் வதைக்கும். தட்டை அடி வாணலி வாங்கிக்கோங்க. மண்சட்டியும் வேண்டாம், அடி சொரசொரப்பு.

இரும்பு தோசைக்கல் வைக்கலாம். அடியில விரலை ஓட்டிப் பாருங்க, பிசிறு தட்டினா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வழவழப்பாக்குங்க. டயல் 9 வரைக்கும்னா 5, 6ல வச்சு பத்து நிமிஷம் பொறுமையா காயவிடுங்க. முழுசா திருப்பினா நடு கொதிக்கும், ஓரம் பச்சையா இருக்கும். கல்லை இழுக்காதீங்க, தூக்கி வைங்க. ஒரு உப்புக்கல்லு அடியில மாட்டினாலே கீறல்தான், வாடகை வீட்டுல அட்வான்ஸ்ல கழிச்சுக்குவாங்க.

குக்கர்லதான் பலர் ஏமாறுறாங்க. டயலை அணைச்சாலும் கண்ணாடியில சூடு நிக்கும், மூணு விசில்னு நினைச்சது அஞ்சாயிடும். ஆவி சீறத் தொடங்கினதுமே பாதிக்குக் குறைங்க. அணைச்சதும் ரெண்டு கையாலயும் சாயாம தூக்கி, சூடில்லாத இடத்துக்கு மாத்துங்க.

எண்ணெய்ச் சட்டியிலயும் அணைச்ச பிறகு சூடு நிக்கும். மூணுல ஒரு பங்குக்கு மேல எண்ணெய் வேண்டாம். தீப்பிடிச்சா டயலை அணைங்க, மூடியால மூடுங்க, அப்படியே ஆறவிடுங்க. தண்ணி ஊத்தக் கூடாது, சட்டியைத் தூக்கிட்டு ஓடவும் கூடாது. கிட்டப் போக முடியாத அளவுக்கு எரிஞ்சா கதவைச் சாத்திட்டு வெளிய வந்து தீயணைப்புக்கு போன் பண்ணுங்க. நான்-ஸ்டிக்கை வெறுமனே காயவிடாதீங்க, 260 டிகிரி தாண்டினா பூச்சு கெட ஆரம்பிக்கும். அலுமினியம் 660 டிகிரியில உருகும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்துல தண்ணி வத்தி, அடி இளகி ஒட்டியிருந்தா அணைச்சுட்டு அப்படியே விடுங்க. தூக்கினா உருகின உலோகம் காலுல கொட்டும்.

(காட்சி: வெல்லப்பாகு பொங்கி வழிகிறது.)

குழம்பு வழிஞ்சா ஆறின பிறகு துடைச்சுக்கலாம். சர்க்கரைப் பாகு, வெல்லம், பாயாசம், உருகின பிளாஸ்டிக் இதெல்லாம் மட்டும் காத்திருக்காது. ஆறும்போது பாகு சுருங்கும், கண்ணாடி கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. ஒட்டின பாகு மேல்பரப்பைச் சில்லு சில்லா பெயர்த்துடும், அந்தக் குழி போகாது. உடனே அணைச்சு, பாத்திரத்தை நகர்த்தி, கனமான கையுறை போட்டு, பிளேடு ஸ்கிரேப்பரை 30 டிகிரி சாய்வுல பிடிச்சு, சூட்டோட சூடா வட்டத்துக்கு வெளிய தள்ளுங்க. மிச்சத்தை ஆறின பிறகு துடைங்க.

(காட்சி: கண்ணாடியில் மெல்லிய விரிசல்.)

ஓரத்துல விரிசல் விட்டாலும் சமைக்காதீங்க. வழியற தண்ணி அது வழியா உள்ள இறங்கினா ஷாக் அடிக்கும். டயலை அணைச்சா போதாது. சுவத்துல இருக்கிற அடுப்பு சுவிட்சை, இல்லாட்டி ஃபியூஸ் பெட்டியில அதோட சுவிட்சை அணைங்க. கண்ணாடியை மாத்துற வரைக்கும் அதைத் திரும்பப் போடாதீங்க.