நடவு வயலில் இருக்கை யாருக்கு?

வணக்கம் நேயர்களே. பெண்கள் காலங்காலமாகப் பார்த்துவரும் வேலைகள் எப்படி மாறுகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். டீச்சர், நர்ஸ் என்று ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் நம் டெல்டாவின் நாற்று நடவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வயல் வேலை எப்போதோ பங்கு பிரிக்கப்பட்டுவிட்டது. உழுவதும் வரப்பு வெட்டுவதும் ஆண்கள். நாற்றுப் பறித்து முடி முடியாக, அதாவது சிறு சிறு கட்டாகக் கட்டி வயலில் வீசுவதும் பெரும்பாலும் அவர்களே. நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். ஏன் என்று கேட்டால், "பொம்பளை கைதான் நடவுக்குப் பதம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதமான கைக்கு ஆண் கூலியைவிடக் குறைந்த கூலிதான். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அது வரப்போடு நின்றுவிட்டது, சேற்றில் இறங்கவில்லை.

ஒரு ஏக்கர் நட பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். காலையில் குனிந்தால், பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். இடுப்பு விட்டுப் போகும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். நடவுப் பாட்டையும் குலவையையும் மேடையில் சிலாகிக்கிறோமே, அந்தப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இன்று நடவுக்கு இளவயதுப் பெண்கள் வருவது அரிது. படித்தவர்கள் ஜவுளிக்கடைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். 2005-ல் சட்டமான நூறு நாள் வேலையும் ஒரு காரணம். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தமிழ்நாட்டிலோ வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள் பார்த்தவை. காரணம் எளிது. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. "அதனால்தான் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று நிலக்காரர்கள் குறைப்படுவதுண்டு. கூலியைக் கூட்டிக் கேட்க அந்தப் பெண்களுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

அப்புறம் நடவு இயந்திரம் வந்தது. அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும்; இரண்டு வார நாற்றைப் பாய் போலச் சுருட்டி எடுத்து இயந்திரத்தில் வைக்கிறார்கள். ஆட்கள் நாள் முழுக்க நட்டதை அது ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. முதுகு ஒடியும் வேலை ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அதை ஓட்டுகிறவர் யார்? நான் பார்த்த வயல்களில் எல்லாம் ஆண்தான். குனிந்து செய்தவரை பெண் வேலை, உட்கார இருக்கை வந்ததும் ஆண் வேலை! இயந்திரம் எட்டாத வயல் மூலையிலும் விட்டுப்போன இடங்களிலும் நாற்றுப் போட மட்டும் இரண்டு பெண்களைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. சில வருடங்களாக மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கையாலேயே நட்டுக் கொடுக்கிறார்கள். பயிர் நன்றாகத்தான் விளைகிறது. பொம்பளை கைப் பதம் என்ற பேச்சை இப்போது காணோம்.

சரி, பெண்களே இயந்திரம் வாங்கக் கூடாதா? மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீத மானியம் என்றால் பெண்களுக்கு 50 சதவீதம். ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் என்று காட்டும் பதிவு, கேட்பார்கள். நட்டுக் கூலி வாங்கியவர் பெயரில் சிட்டா எங்கே இருக்கிறது? நிலம் உள்ள வீட்டிலும் பட்டா பெரும்பாலும் கணவர் பெயரில்தான்.

மருந்து தெளிக்கும் ட்ரோன் விஷயத்தில் வேறு வழி பிடித்தார்கள். 2023-ல் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன்; செலவில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். ஓட்டுவதற்குப் பயிற்சியும் உண்டு. குழுவுக்குத்தான் கொடுக்கிறார்கள், பட்டாவுக்கு அல்ல. நடவு இயந்திரத்தையும் இப்படியே கொடுக்கலாம். எந்த வயலில் எவ்வளவு சேறு, எந்த மூலை பள்ளம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கியர் போடுவதை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும்.

நன்றி, வணக்கம்.