நூறு வெள்ளி வெட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரியில் சிங்கப்பூர் வரவுசெலவுத் திட்டம் வந்ததும், குடும்பங்களுக்குக் கடைகளில் செலவழிக்கத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறோம். தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாடாளுமன்ற அவையில் ஒரு வேடிக்கை நடக்கும். ஓர் உறுப்பினர் எழுந்து, இந்த அமைச்சுக்கான தொகையில் 100 வெள்ளியைக் குறைக்கவேண்டும் என்று முன்மொழிவார். கோடிக்கணக்கில் செலவு செய்யும் அமைச்சுக்கு 100 வெள்ளி! ஒருமுறை மளிகை வாங்கினாலே காலியாகிவிடும்.

பணத்தைக் குறைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அப்படியொரு திருத்தத்தை முன்வைத்தால்தான் அந்த அமைச்சின் கொள்கையைக் குடைந்து கேட்க வழி திறக்கும். இதைத்தான் ‘வெட்டு’ என்கிறார்கள். பேசவிருப்போர் தலைப்பை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள். பிறகு அமைச்சர் பதில் சொல்வார், விளக்கம் கேட்பார்கள். கடைசியில் முன்மொழிந்தவரே திருத்தத்தை மீட்டுக்கொள்வார். அந்த 100 வெள்ளி அமைச்சிடமே பத்திரமாக இருக்கும்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அமைச்சுக்கும் முடிவு நேரம் குறித்திருக்கும். பேச்சும் பதிலும் நீண்டால், கரைந்துபோவது விளக்கம் கேட்கும் நிமிடங்கள்தான். என்னைக் கேட்டால், பொறுப்புக்கூறலின் உயிரே, பதிலைக் கேட்டபின் எழும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. முதல் கேள்விக்கு எழுதிவைத்த பதில் வரும். இரண்டாவதற்கு அங்கேயே யோசித்தாக வேண்டும்.

கேள்வி நேரமும் அப்படியே. வாய்மொழிப் பதில் வேண்டுமானால் முழுதாக ஏழு நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முறை வராத கேள்வியை உறுப்பினர் தள்ளிவைக்கலாம். இல்லையென்றால் எழுத்துப்பூர்வப் பதில் வரும். எழுத்தில் வந்த பதிலிடம் அந்த இரண்டாவது கேள்வியை, அதாவது துணைக் கேள்வியை, கேட்க முடியுமா? முடியாது.

கேட்கும் விதமும் முக்கியம். உங்கள் புளோக்கில் மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அமைச்சர் கவனிப்பாரா?’ என்றால் ‘கவனிப்போம்’ என்று முடிந்துவிடும். மூன்று ஆண்டுகளில் எத்தனை பழுது, அதில் எத்தனை பழைய மின்தூக்கிகள் என்று கேட்டால் எண் வரும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு துணைக் கேள்வி போகும். உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகும்போது தேதி, நேரம், எத்தனை தடவை என்று குறித்துக்கொண்டு போங்கள்.

2021 ஜனவரியிலிருந்து அவை நடவடிக்கை இணையத்தில் நேரலையாக வருகிறது. நல்லதுதான். ஆனால் நம் கைக்கு வாட்ஸ்அப்பில் வருவது ஒரு நிமிடத் துண்டு. சூடான வரி அதில் இருக்கும்; அதற்கடுத்த துணைக் கேள்வி இருக்காது. துண்டைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன், நாடாளுமன்ற இணையத்தளத்தில் அதிகாரபூர்வ அறிக்கையைத் தேடிப் பாருங்கள். யார் கேட்டார், என்ன பதில் என்று வரிசையாக இருக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டுகிறார்கள், இரண்டே நிமிடமாம். நிபுணர் ஆலோசனை அவைக்கு எப்படி வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வழி, தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள்; ஒன்பது பேர் வரை, இரண்டரை ஆண்டுக்கு. இன்னொரு வழி, ஒரு விவகாரத்தை ஆராய அவை அமைக்கும் தெரிவுக் குழு. இணையப் பொய்ச்செய்தி பற்றிய குழு 2018 மார்ச்சில் எட்டு நாள் பொது விசாரணை நடத்தியது. 65 தரப்பினர் நேரில் பேசினார்கள். நிபுணரிடமும் அங்கே இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி எல்லாம் கேட்டார்கள். அரசாங்கச் செலவைச் சரிபார்க்கும் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, பொதுக் கணக்குக் குழு... சரி, அது இன்னொரு நாளைக்கு. வணக்கம்.